முட்டியின் முன்பக்க வலி: நூறு வருடமாக மாறிக்கொண்டே வரும் குற்றவாளி

படி இறங்கும்போது முட்டிக்கு முன்னால், சில்லைச் சுற்றி ஒரு வலி. சினிமா தியேட்டரில் இரண்டரை மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டு எழுந்தால் அதே வலி. இதற்கு மருத்துவப் புத்தகங்களில் 'சினிமா பார்ப்பவர் அறிகுறி' என்றே ஒரு பெயர் உண்டு. கீழே விழவில்லை, அடிபடவில்லை, எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் குந்தி உட்கார்ந்தால் வலிக்கிறது, ஓடினால் வலிக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ஓட்டக்காரர்கள், ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்று இளம் வயதினரிடம்தான் இது அதிகம்.

இன்றைக்கு இதன் பெயர் பட்டெல்லோஃபெமோரல் வலி. சில்லும் தொடை எலும்பும் சேரும் இடத்தில் வலி, அவ்வளவுதான் அர்த்தம். எங்கே வலிக்கிறது என்று சொல்கிற பெயர் இது. ஏன் வலிக்கிறது என்று சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். முன்பு வைத்த பெயர் காரணத்தையும் சேர்த்துச் சொன்னது, அந்தக் காரணம் பாதி தப்பு என்று பிறகு தெரிந்தது.

நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் ஆள். ஒரு கோளாறு சரியாகிவிட்டால் "சரி, ஆனா ஏன் சரியாச்சு?" என்று கேட்காமல் டிக்கெட்டை மூட மனசு வராது. இந்த வலியின் வைத்திய வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தபோது என்னைப் பிடித்து உட்கார வைத்தது அந்தக் கேள்விதான். நூறு வருடத்தில் குற்றவாளி நாலு தடவை மாறியிருக்கிறார். ஆனால் தொடைக்குப் படிப்படியாக வேலை கொடுக்கும் உடற்பயிற்சி மட்டும் ஏதோ ஒரு வடிவத்தில் தொடர்ந்து வந்திருக்கிறது. விளக்கம் தோற்றுக்கொண்டே இருக்கும்போது வைத்தியம் எப்படி ஜெயிக்கிறது?

முதலில் இயந்திரம்

சில்லு என்பது தொடையின் முன்தசைக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன எலும்பு. குவாட்ரிசெப்ஸ் என்ற அந்தப் பெரிய தசை காலை நீட்ட இழுக்கும்போது, கிணற்று ராட்டினத்தில் கயிறு திரும்புவதுபோல இழுவையைத் திருப்பிக் கொடுப்பதும், நெம்புகோலாக நின்று அதன் பலனைக் கூட்டுவதும் சில்லின் வேலை. கால் மடங்கும்போது தொடை எலும்பில் உள்ள ஒரு பள்ளத்தில் அது வழுக்கிக்கொண்டு போகிறது.

கால் எவ்வளவு மடங்குகிறதோ அவ்வளவுக்குச் சில்லு தொடை எலும்பின் மேல் அழுத்தப்படுகிறது. 1972-ல் ரைலி, மார்ட்டென்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட்டார்கள். சமதரையில் நடந்தால் உடல் எடையில் சுமார் பாதி. படி ஏறி இறங்கினால் மூன்று மடங்குக்கு மேல். ஆழமாகக் குந்தினால் ஏழு மடங்குக்கு மேல். அதாவது 60 கிலோ ஆள் குந்தி எழுந்தால் அந்தச் சின்ன எலும்புக்கு அடியில் 400 கிலோவுக்கு மேல் அழுத்தம். அதைத் தாங்கத்தான் சில்லின் பின்பக்கத்தில் உடம்பிலேயே தடிமனான குருத்தெலும்பு இருக்கிறது.

முதல் சந்தேகம் அதன் மேல் விழுந்ததில் ஆச்சரியமில்லை.

முதல் குற்றவாளி: குருத்தெலும்பு

1906-ல் வியன்னாவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் கொன்ராட் புடிங்கர், சில்லின் குருத்தெலும்பில் வெடிப்புகள் இருப்பதை விவரித்து எழுதினார். 1928-ல் ஸ்வீடனைச் சேர்ந்த அலெமான் எழுதிய கட்டுரைக்குப் பிறகு 'கான்ட்ரோமலேசியா பட்டெல்லே' என்ற பெயர் பரவியது. குருத்தெலும்பு மென்மையாகிப் போவது என்று பொருள். 1961-ல் கனடாவின் அவுட்டர்பிரிட்ஜ் அதற்கு நாலு படிநிலைகள் வகுத்தார். ஒன்று என்றால் வீங்கி மென்மையாகியிருக்கிறது. இரண்டு என்றால் அரை அங்குல அகலத்துக்குள் வெடிப்பு, மூன்று என்றால் அதற்கு மேல். நாலு என்றால் எலும்பே தெரிகிறது. இன்றைக்கு நம்ம ஊரில் எடுக்கும் முட்டி எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'கிரேடு 2 கான்ட்ரோமலேசியா' என்று வந்தால், அதன் மூதாதை இந்த 1961 கட்டுரைதான்.

முன்பக்க வலி என்றாலே கான்ட்ரோமலேசியா என்று பல பத்தாண்டுகள் எழுதப்பட்டது. பெயர் அப்படி என்றால் வைத்தியமும் அப்படித்தானே போகும்? பழுதான குருத்தெலும்பைச் சீவி எடுத்தார்கள். சில்லை வெளிப்பக்கமாக இழுக்கும் திசுக்களை வெட்டித் தளர்த்தும் அறுவை 1970-களில் பிரபலமானது. மோசமான சிலருக்குச் சில்லையே எடுத்தார்கள்.

பிசியோதெரபிக்கும் இதிலிருந்து ஒரு விதி கிடைத்தது: காலை மடக்காமல் தசையை வலுப்படுத்து. முட்டியை நீட்டி வைத்துத் தொடையை இறுக்குவது, நேராக வைத்த காலைத் தூக்குவது எல்லாம் அழுத்தம் குறைவான பயிற்சிகள். இப்போதும் பல இடங்களில் முதல் நாள் கொடுக்கும் தாளில் இந்த இரண்டும் இருக்கும்.

தசையை வலுப்படுத்தும் யோசனைக்கே ஒரு தனிக் கதை உண்டு. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் சிகாகோவின் கார்டினர் ராணுவ மருத்துவமனையில் தாமஸ் டிலோர்ம் என்ற இளம் மருத்துவர் இருந்தார். சிறு வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து, பளு தூக்கியே உடம்பைத் தேற்றிக்கொண்டவர். முட்டியில் அடிபட்ட சிப்பாய்களுக்கு அன்று லேசான பயிற்சியைப் பலமுறை செய்யச் சொல்வதுதான் வழக்கம். டிலோர்ம் அதைத் தலைகீழாக்கினார். காலில் இரும்புச் செருப்பு, அதில் எடை, கொஞ்ச முறைதான், ஆனால் கனமாக. தசை தேறத் தேற எடையைக் கூட்டு. 1945-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். 1948-ல் வாட்கின்ஸோடு சேர்ந்து, மூன்று சுற்று, சுற்றுக்குப் பத்து என்று சுருக்கினார். இன்று உலகத்தில் எந்த ஜிம்முக்குப் போனாலும் "மூணு செட், பத்து ரெப்ஸ்" என்று சொல்கிறார்களே, அதன் ஊற்று இங்கேதான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: டிலோர்ம் தேடியது குற்றவாளியை இல்லை. தாங்கும் சக்தியைக் கூட்டும் வழியைத்தான். இந்த வித்தியாசம் கடைசியில் திரும்ப வரும்.

இரண்டாவது குற்றவாளி: ஒரு கைப்பிடித் தசை

1960-களில் சந்தேகம் தசைக்கு மாறியது. முட்டிக்கு மேலே உட்பக்கமாகக் கண்ணீர்த்துளி போலப் புடைத்திருக்கும் தசையின் பெயர் வாஸ்டஸ் மீடியாலிஸ். அதன் சாய்வான கீழ்ப்பகுதியைச் சுருக்கமாக வி.எம்.ஓ. என்பார்கள். காலை முழுசாக நீட்டும் கடைசி 15 டிகிரி இதன் வேலை என்று நம்பப்பட்டது.

1968-ல் லீப், பெர்ரி என்ற இருவர் இதைச் சோதித்தார்கள். ஜாக்குலின் பெர்ரி ராணுவத்தில் பிசியோதெரபிஸ்டாக இருந்துவிட்டு, பிறகு மருத்துவம் படித்து எலும்பு மருத்துவரானவர். வெட்டி அகற்றப்பட்ட கால்களில் குவாட்ரிசெப்ஸின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக இழுத்துப் பார்த்தார்கள். கடைசி 15 டிகிரிக்கு வி.எம்.ஓ. மட்டும் பொறுப்பில்லை, முழுத்தசையும் சுமார் 60 சதவீதம் கூடுதல் விசையோடு இழுக்க வேண்டியிருக்கிறது என்று தெரிந்தது. வி.எம்.ஓ.-வுக்கே உரிய வேலை, சில்லு வெளிப்பக்கம் ஓடாமல் பிடித்து வைப்பது.

இந்தக் கட்டுரையின் இரண்டாவது பாதி உலகம் முழுக்கப் பரவியது. 'வி.எம்.ஓ. பலவீனம், அதனால் சில்லு தடம் மாறுகிறது, அதனால் வலி' என்ற சங்கிலி பாடமானது. முதல் பாதியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வி.எம்.ஓ.-வைத் தேற்ற என்று சொல்லி, அதே கடைசி 15 டிகிரிப் பயிற்சியைப் பல வருடம் கொடுத்தார்கள்!

பிறகு வந்தது நேரப் பிரச்சினை. வெளிப்பக்கத் தசை முந்திக்கொள்கிறது, வி.எம்.ஓ. சில மில்லிசெகண்டு பிந்துகிறது என்ற வாதம். 2001-ல் மெல்பர்னில் கோவன் குழுவினர் வலியுள்ளவர்களிடம் இந்தத் தாமதத்தைக் கண்டார்கள். வேறு சில ஆய்வகங்கள் தேடியபோது கிடைக்கவில்லை. வி.எம்.ஓ.-வை மட்டும் தனியாக வலுப்படுத்தும் பயிற்சி என்று சொல்லப்பட்டவற்றில், நிஜமாகவே அதை மட்டும் வேலை வாங்கியது என்று உறுதியாக நிறுவப்பட்டது எதுவும் இல்லை. அது ஒரே தசையின் ஒரு பகுதி. ஐந்து விரலில் ஒன்றை மட்டும் குளிரில் நனைக்காமல் கையைத் தண்ணீரில் விடுவது மாதிரி.

மூன்றாவது: சில்லு உட்கார்ந்திருக்கும் இடம்

1986-ல் ஆஸ்திரேலியப் பிசியோதெரபிஸ்ட் ஜென்னி மெக்கானல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சில்லு சரிந்திருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா, திரும்பியிருக்கிறதா என்று பார்த்து, விறைப்பான டேப்பை ஒட்டி இழுத்துச் சரியான இடத்தில் வைப்பது. வலி குறைந்த அந்த இடைவெளியில் நின்றபடி, படியில் இறங்கியபடி தசையைப் பழக்குவது. மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக் காலைத் தூக்குவதிலிருந்து நோயாளியை எழுப்பி நிற்க வைத்தது பெரிய மாற்றம்.

டேப் ஒட்டியதும் பலருக்கு அங்கேயே வலி குறைந்தது. ஆனால் 1993-ல் டேப் ஒட்டியவர்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஒரு ஆய்வில், வலி குறைந்திருந்தது, சில்லு இருந்த இடத்திலேயே இருந்தது.

"அப்போ எல்லாம் மனசுதானா?" என்று கேட்கலாம். இல்லை. 2002-ல் கே கிராஸ்லி குழுவினர் 71 பேரை இரண்டு பிரிவாகக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மெக்கானல் பாணியில் டேப்பும் பயிற்சியும். மறு பிரிவுக்கு ஒப்புக்கு டேப், வேலை செய்யாத அல்ட்ராசவுண்டு, வெறும் ஜெல். ஆறு வாரம் முடிந்ததும் நிஜ வைத்தியம் பெற்றவர்கள் தெளிவாக முன்னால் இருந்தார்கள். ஆக, வைத்தியம் பலித்தது. பலித்ததற்குச் சொன்ன காரணம்தான் ஆட்டம் கண்டது.

தன் முட்டியையே திறந்து காட்டியவர்

இங்கே கதை ஒரு திருப்பத்துக்கு வருகிறது. சான் பிரான்சிஸ்கோவின் எலும்பு மருத்துவர் ஸ்காட் டை, குருத்தெலும்பில் நரம்பே இல்லையே, பிறகு அது எப்படி வலிக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தவர். 1998-ல் வெளிவந்த அவரது கட்டுரையில் ஆய்வுப் பொருள் அவரேதான். தோலில் துளை போடும் இடங்களில் மட்டும் மரப்பு ஊசி. முட்டிக்குள் மரப்பு மருந்து கிடையாது. சக மருத்துவர் ஒருவர் ஆர்த்ராஸ்கோப்பை உள்ளே விட்டு, ஒவ்வொரு பாகமாகக் கருவியால் தொட்டு அழுத்த, முழு நினைவோடு இருந்த டை எங்கே எவ்வளவு வலிக்கிறது என்று சொன்னார். இரண்டு முட்டியிலும்.

முன்பக்கத் திசு உறை, சில்லுக்குக் கீழே உள்ள கொழுப்புத் திண்டு இவற்றைத் தொட்டதும் கடுமையான வலி. சில்லின் குருத்தெலும்பை அழுத்தியபோது ஒன்றுமே தெரியவில்லை.

ஒரே ஒரு மனிதரின் இரண்டு முட்டி, புள்ளிவிவரம் ஆகாது. குருத்தெலும்புக்கு அடியில் உள்ள எலும்புக்கு நரம்பு உண்டு, அதுவும் வலிக்கலாம். ஆனாலும் நூறு வருடமாக முதல் குற்றவாளியாக நின்றவர், நேரடியாக விசாரித்தபோது பேசவே இல்லை. படத்தில் 'தேய்மானம்' தெரிவதும் வலி இருப்பதும் தனித்தனி விஷயங்களாக இருக்க முடியும் என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது.

டை அதற்கு முன்பே, 1996-ல், வேறு ஒரு பார்வையை வைத்திருந்தார். முட்டி ஒரு கியர் பாக்ஸ் மாதிரி, விசையை வாங்கிக் கடத்துகிற ஒன்று. ஒவ்வொரு முட்டிக்கும் அன்றைய தேதிக்குத் தாங்கக்கூடிய ஒரு எல்லை இருக்கிறது. அதற்குள் இருந்தால் திசு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். எல்லையைத் திரும்பத் திரும்பத் தாண்டினால் வலி. வலிக்கப் பயந்து ஒன்றுமே செய்யாமல் இருந்தால் எல்லையே சுருங்கும். சர்வரோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது உடனே புரியும். எல்லாச் செயலிழப்புக்கும் உடைந்த பாகம் ஒன்று இருக்க வேண்டும் என்பதில்லை. திறனுக்கு மேல் சுமை வந்தாலே போதும்.

நான்காவது: இடுப்பு

2003-ல் சந்தேகம் மேலே ஏறியது. மேரி அயர்லாந்து குழுவினர், வலியுள்ள இளம்பெண்களையும் வலியில்லாதவர்களையும் ஒப்பிட்டார்கள். வலியுள்ளவர்களுக்குக் காலைப் பக்கவாட்டில் விரிக்கும் இடுப்புத் தசை வலிமை 26 சதவீதம் குறைவு, வெளிப்பக்கம் திருப்பும் வலிமை 36 சதவீதம் குறைவு. அதே வருடம் கலிஃபோர்னியாவில் கிறிஸ்டோபர் பவர்ஸ் குழுவினர், நின்றபடி மடக்கிய காலை நீட்டும்போது எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். சில்லு விலகும் பிரச்சினை இருந்த அந்தப் பெண்களிடம், சில்லு வெளியே ஓடவில்லை, அதற்கு அடியில் தொடை எலும்புதான் உள்ளே திரும்பியது. ரயில் தடம் புரளவில்லை, தண்டவாளம் நகர்ந்தது.

இடுப்புப் பயிற்சியைச் சேர்த்துக் கொடுத்த சோதனைகளில் நல்ல பலனும் கிடைத்தது. பிறகு 2014-ல் ராத்லெஃப் குழுவினர் வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்தார்கள். ஏற்கெனவே வலி உள்ளவர்களிடம் இடுப்பு பலவீனம் இருக்கிறது. ஆனால் வலி வருவதற்கு முன்பே அளந்து பின்தொடர்ந்த ஆய்வுகளில், இடுப்பு பலவீனமானவர்களுக்குத்தான் பிறகு வலி வந்தது என்று காட்ட முடியவில்லை. பலவீனம் வலியின் விளைவாகவும் இருக்கலாம். லாக் ஃபைலில் இரண்டு பிழைச்செய்திகள் அடுத்தடுத்து வந்தால், முதலில் கண்ணில் பட்டதுதான் காரணம் என்று எடுத்துக்கொள்ள முடியாது இல்லையா?

குற்றவாளி இல்லாமல் வைத்தியம்

கடந்த இருபது வருடத்துச் சோதனைகளில் மூன்று எனக்கு முக்கியமாகத் தெரிகின்றன.

பின்லாந்து, 2007: நாள்பட்ட வலி இருந்த 56 பேர். பாதிப் பேருக்கு ஆர்த்ராஸ்கோப்பி அறுவையும் பயிற்சியும், மீதிப் பேருக்குப் பயிற்சி மட்டும். ஒன்பது மாதம் கழித்து வித்தியாசம் இல்லை. ஐந்து வருடம் கழித்தும் இல்லை.

கனடாவின் கியூபெக், 2018: வலியுள்ள 69 ஓட்டக்காரர்கள், எட்டு வாரம், மூன்று பிரிவு. எல்லாருக்கும் சுமையை எப்படிக் கூட்டுவது, குறைப்பது என்ற பாடம் உண்டு. ஓடும்போது வலி பத்துக்கு இரண்டைத் தாண்டக் கூடாது, ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வர வேண்டும் என்பது மாதிரி. ஒரு பிரிவுக்குப் பாடம் மட்டும், இன்னொன்றுக்குக் கூடவே தசைப் பயிற்சி, மூன்றாவதுக்குக் கூடவே ஓடும் முறையில் திருத்தம். பயிற்சி செய்தவர்களுக்கு வலிமை கூடியது. ஓட்டம் திருத்தியவர்களுக்கு ஓட்டம் மாறியது. வலி மட்டும் மூன்று பிரிவிலும் ஒரே அளவில்தான் குறைந்தது.

நார்வே, 2019: 112 பேர், ஆறு வாரம். இடுப்புப் பயிற்சி, முட்டிப் பயிற்சி, தனக்குப் பிடித்த உடலியக்கம் என்று மூன்று பிரிவு. இங்கும் எல்லாருக்கும் நோயைப் பற்றிய விளக்கம் உண்டு. மூன்று மாதத்தில் பிரிவுகளுக்குள் வித்தியாசம் இல்லை.

இதைப் படித்துவிட்டு "அப்போ பயிற்சியே வேஸ்ட்" என்ற முடிவுக்கு வரக்கூடாது. 2009-ல் நெதர்லாந்தில் 131 பேரிடம் நடந்த சோதனையில், மேற்பார்வையோடு பயிற்சி செய்தவர்களுக்கு வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட மூன்று மாதத்திலும் ஒரு வருடத்திலும் வலி குறைவு. அமெரிக்கப் பிசியோதெரபி வழிகாட்டி 2019-ல் பரிந்துரைப்பதும் இடுப்பு, முட்டி இரண்டுக்கும் சேர்ந்த பயிற்சிதான். டேப், செருப்புக்குள் வைக்கும் தாங்கி எல்லாம் ஆரம்பக் கொஞ்ச நாளைக்குக் கைகொடுக்கும். அல்ட்ராசவுண்டு போன்ற கருவிகளை அந்த வழிகாட்டி பரிந்துரைக்கவில்லை.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இது. நாலு குற்றவாளிகளையும் குறிவைத்துக் கொடுத்த வைத்தியங்களுக்குள் ஒரு பொது அம்சம் ஒளிந்திருந்தது. வலி அனுமதிக்கும் அளவுக்கு முட்டிக்கு வேலை கொடுத்து, வாரா வாரம் கொஞ்சம் கூட்டுவது. வி.எம்.ஓ.-வுக்காகப் படி ஏறினாலும், இடுப்புக்காகக் குந்தினாலும், முட்டிக்குக் கிடைத்தது அதுதான். டிலோர்ம் 1945-ல் இரும்புச் செருப்பு மாட்டிச் செய்ததும், டை எல்லை என்று பெயர் வைத்ததும் ஒன்றே.

சரி, வைத்தியம் பலிக்கிறது என்றால் விளக்கம் தப்பாக இருந்தால் என்ன? இங்கேதான் எனக்குக் கவலை. விளக்கம்தான் அடுத்த முடிவை எடுக்கிறது. குருத்தெலும்பு என்று நம்பிய காலத்தில் கத்தி வந்தது. இன்றைக்கும் பதினாறு வயதுப் பெண்ணிடம் "முட்டி தேஞ்சு போச்சு, படி ஏறாதே, கீழே உட்காராதே" என்று சொன்னால், அவள் கேட்பது ஒரு அளவுக் குறைப்பை இல்லை, ஆயுள் தண்டனையை. ஓடுவதை நிறுத்துவாள். தசை இளைக்கும், எல்லை சுருங்கும், முன்பு வலிக்காத படியும் வலிக்கும். அப்போது "சொன்னோம்ல, தேய்மானம்" என்பார்கள். ஐந்து முதல் எட்டு வருடம் பின்தொடர்ந்த ஒரு ஆய்வில், இந்த வலி வந்தவர்களில் 57 சதவீதம் பேர் திருப்தியாகத் தேறவில்லை. தானாகப் போய்விடும் என்று விட்டுவிடும் சின்ன விஷயமும் இல்லை இது.

முட்டி வீங்கினால், பூட்டிக்கொண்டால், இரவில் தூங்கும்போது வலித்தால், காய்ச்சல் சேர்ந்தால் அது வேறு கதை, டாக்டரிடம்தான் போக வேண்டும். நொண்டும் பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டின் கோளாறுகூட முட்டி வலியாகத் தெரியலாம். அதெல்லாம் இல்லை என்று பார்த்துவிட்ட பிறகு, பிசியோதெரபிஸ்டிடம் கேட்க வேண்டிய கேள்வி "எது கெட்டுப் போச்சு?" என்பது இல்லை. "இன்னைக்கு என் முட்டி எவ்வளவு தாங்கும், அடுத்த வாரம் எவ்வளவு கூட்டலாம்?" என்பதுதான். முதல் கேள்விக்கு நூறு வருடமாகப் பதில் மாறிக்கொண்டே இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு ஒரு படிக்கட்டும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால், நீங்களே வாரா வாரம் பதில் எழுதலாம்.